அமிர்தத்தம்மாவின் மறதி

மனிதர்களை ஞாபகம் வைத்துக்கொள்ளும் ஒரு தொலைபேசி. ஹெப்சிபாவின் யோசனை அவ்வளவுதான்.

பாளையங்கோட்டையின் பழைய தொலைபேசி நிலையத்தை அருங்காட்சியகமாக மாற்றும் வேலை அவளுக்கு வந்தபோது, மாடிக்கூடத்தில் ஆபரேட்டர்கள் உட்கார்ந்து இணைப்புக் கொடுத்த பலகை ஒன்று அப்படியே இருந்தது. வரிசையாகத் துளைகள், துணி சுற்றிய கம்பிகள், பித்தளை முனைகள். அதைக் கண்ணாடிக்குள் வைத்து ஒரு விளக்கக் குறிப்பு மாட்டியிருந்தால் வேலை முடிந்திருக்கும். ஹெப்சிபா அதன் முன்னால் ஒரு மர நாற்காலியைப் போட்டு, கறுப்பு ரிசீவர் ஒன்றை வைத்தாள். எடுத்தால் ஒரு பெண்ணின் குரல் கேட்கும்.

"வணக்கம், பாளையங்கோட்டை எக்ஸ்சேஞ்ச். அமிர்தம் பேசுதேன். யாருக்குப் பேசணும்?"

அமிர்தம் என்று யாரும் இருந்ததில்லை. அந்தக் காலத்து ஆபரேட்டர்கள் பலரின் பேட்டிகளைக் கேட்டுக் கேட்டுக் கணினி பழகிக்கொண்ட குரல் அது. டிரங்கால் என்றால் என்ன, மழை நாளில் லைன் ஏன் இரைகிறது, ஊர்ச் சண்டைகளில் எது எதை ஒட்டுக்கேட்டாள் என்று கேட்டதற்கெல்லாம் பதில் சொல்வாள். போகும்போது, "உங்களை ஞாபகம் வச்சுக்கிடட்டுமா?" என்று அனுமதி கேட்பாள். சரி என்று சொன்னவர் அடுத்த முறை வந்து வாயைத் திறந்ததுமே அடையாளம் கண்டுகொள்வாள். முட்டுவலி தேவலையா, மகள் ஊரிலிருந்து வந்துவிட்டாளா என்று, போன தடவை விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடங்குவாள்.

திறப்பு விழாவில் எல்லோரும் அதைப் பாராட்டினார்கள். இரண்டாம் ஆண்டு தொடங்கும்போது காப்பாட்சியர் காஜா மைதீன் ஹெப்சிபாவைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"உக்காரும்மா. டீ சொல்லட்டா?"

"வேண்டாம் சார். எவ்வளவு வெட்டியிருக்காங்க, அதைச் சொல்லுங்க."

"டீ குடிச்சிட்டுக் கேட்டா கொஞ்சம் தாங்கும்." அவர் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. "பாதிம்மா. கணினிக்குன்னு குடுக்கிற ஒதுக்கீட்டுல சரிபாதி. மெட்ராஸ்ல ஒருத்தன் உக்காந்து, மியூசியம்னா பழைய சாமானை வச்சுப் பூட்டுற இடம்தானேன்னு கேக்கான்."

அருங்காட்சியகத்தில் தொட்டுப் பழகும்படியான காட்சிகள் மூன்றுதான் இருந்தன. தந்தி மேசைக்குச் செலவே இல்லை. வெறும் ஸ்பிரிங்கும் மணியும். மற்ற இரண்டு, ராக்கெட் அறையும் அமிர்தமும். ராக்கெட் அறையில் செயற்கைக்கோள் புறப்படும் காட்சி நான்கு சுவரிலும் விரியும். அதோடு சேர்ந்து தரை அதிரும். நிற்கிறவரின் எடைக்கும் உயரத்துக்கும் ஏற்ப அந்த அதிர்வைக் கணினி நொடிக்கு நொடி மாற்றிக்கொண்டே இருக்கும்.

"ரெண்டுல ஒண்ணை மூடணுமா?" என்று கேட்டார் காஜா மைதீன்.

"மூட வேண்டாம் சார். அமிர்தம் பேசறதுக்குக் கொஞ்சம்தான் ஆகும். ஞாபகம் வச்சுக்கிறதுக்குத்தான் செலவு. ஒருத்தர் போன பிறகும் அவரை விடாம பிடிச்சு வச்சிருக்கணும். அவர் திரும்பி வராட்டியும்."

"மனுசனுக்கும் அப்படித்தானேம்மா."

"மனுசனுக்கு வாடகை இல்லை சார்."

ரிசீவரை எடுத்தவர்களில் எத்தனை பேர் மறுபடி வந்தார்கள் என்று அவள் முன்பே பார்த்து வைத்திருந்தாள். அநேகமாக ஒருவரும் இல்லை. வருகிறவர்கள் குற்றாலம் போகிற வழியில் ஒரு முறை வருகிறார்கள், அமிர்தத்தோடு இரண்டு வார்த்தை பேசிச் சிரிக்கிறார்கள், போகிறார்கள். யாருக்கும் பயன்படாத ஞாபகத்துக்கு ஒதுக்கீட்டில் பாதியைக் கொடுப்பது சரியில்லை. ராக்கெட் அறைக்கோ காது கேளாத பிள்ளைகளின் பள்ளியிலிருந்து வாராவாரம் வேன் வந்தது. அந்தப் பிள்ளைகள் செருப்பைக் கழற்றிப்போட்டுவிட்டுத் தரையில் கால் பாவி நிற்பார்கள். ராக்கெட் எழும்பும்போது அவர்களுடைய முகத்தைப் பார்த்தவர்கள் அதைச் சீக்கிரம் மறக்கமாட்டார்கள்.

"டெலிபோன் மியூசியத்துல அந்தப் பிள்ளைகளுக்கு வேற என்னம்மா இருக்கு?" என்றார் காஜா மைதீன்.

"அதான் சார். அமிர்தத்தோட ஞாபகத்தை எடுத்துடலாம். அவ பேசிட்டு இருக்கட்டும்."

அன்று மதியமே அதைச் செய்தாள். நிரந்தரமாக அழிக்கட்டுமா என்று திரை இருமுறை கேட்டது. இருமுறையும் ஆம் என்றாள்.

சாயங்காலம் வழக்கம்போல் இட்லி வாங்கிக்கொண்டு பெருமாள்புரத்து மாடி வீட்டுக்கு வந்தாள். சென்னையில் வளர்ந்தவள். வேலைக்காக ஊர் ஊராகப் போய், ஒரு காட்சியகம் முடிந்ததும் அடுத்த ஊருக்குப் பெட்டி கட்டுகிறவள். இந்த ஊருக்கு வந்தும் ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பக்கத்தில் இருக்கிற அம்மாக்கள் கை குலுக்குவார்கள். குலுக்கும்போதே அவர்கள் கண் அடுத்தவரைத் தேடிப் போய்விடும். அவள் வீட்டில் சின்ன வயதிலிருந்து ஒரு வழக்கம் உண்டு. படுக்கப் போகுமுன் ஜெபத்தில் ஒவ்வொருவர் பெயராகச் சொல்லிக் கடவுளிடம் ஒப்படைப்பார்கள். முன்பெல்லாம் அந்தப் பெயர்களைச் சொல்லி முடிப்பதற்குள் தம்பி தூங்கி விழுந்துவிடுவான். தம்பி இப்போது கனடாவில். அம்மாவும் அப்பாவும் கல்லறையில். இப்போது ஜெபம் சீக்கிரம் முடிந்துவிடுகிறது.

சில நாட்கள் கழித்து, மாடிக்கூடத்தில் கண்காணிப்பு வேலை பார்க்கும் உலகம்மாள்தான் முதலில் கேட்டாள்.

"யம்மா, அமிர்தத்தம்மாவுக்கு என்னமும் சீக்கா?"

"ஏன்?"

"தெரிஞ்ச ஆளைத் தெரியலங்கு. நம்ம அண்ணாச்சி வந்து பேசிட்டு, முகம் செத்துப் போயில்லா எந்திரிச்சுப் போறாக."

"எந்த அண்ணாச்சி?"

உலகம்மாள் அவளை வினோதமாகப் பார்த்தாள். "அய்யம்பெருமாள் அண்ணாச்சிதான். சுத்தமல்லிலேருந்து வாரவுக. வாரம் தவறாம வருவாகளே. தண்ணி டேங்க்குல வால்வு தெறந்து விட்டவுக. இப்பத்தான் வால்வே தானாத் தெறந்துக்கிடுதுல்லா. சம்சாரமும் போய்ச் சேந்தாச்சு. அவுக வந்து இதுல பேசுறதைக் கேக்கணுமே, சிரிச்சு வயிறு வலிக்கும்."

"வாராவாரமா?"

"இன்னும் ரெண்டு மூணு பேரு வருவாக. ஒரு டீச்சரம்மா, அந்தக் கண்ணாடி போட்ட பையன் ஒருத்தன். நீங்க பாத்ததே இல்லையா?"

ஹெப்சிபா தன் அறைக்குப் போய், ஞாபகத்தோடு அழியாமல் தனியாக இருந்த அழைப்புக் கணக்குகளைத் திறந்தாள். அய்யம்பெருமாள் என்ற பெயர் எங்கும் இல்லை. மறுபடி வந்தவர்கள் என்ற இடம் காலியாகத்தான் இருந்தது. வெகுநேரம் தேடிய பிறகு காரணம் கிடைத்தது. அதை எழுதியவள் அவளேதான். திறப்பு விழாவுக்கு முன் ஊழியர்கள் ரிசீவரை எடுத்து எடுத்துச் சோதித்துப் பார்த்தார்கள். அந்த அழைப்புகள் பார்வையாளர் எண்ணிக்கையைக் கெடுத்துவிடக் கூடாது என்று ஒரு விதி எழுதியிருந்தாள். ஒரே குரல் அடிக்கடி வந்தால் அது ஊழியர். ஊழியரை எண்ண வேண்டாம். காட்சியகம் அமைக்கிற எல்லோரும் செய்கிற வேலைதான். விழா முடிந்ததும் விதியை எடுத்துவிடுவார்கள். அவள் எடுக்கவில்லை. திரும்பத் திரும்ப வருகிறவர்களை எல்லாம் கணினி அவ்வளவு நாளும் தள்ளிவிட்டு, திரும்ப ஒருவரும் வருவதில்லை என்று அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது.

விதியை நீக்கிப் பார்த்தாள். தள்ளப்பட்டவர்கள் வரிசையாக வந்தார்கள். அய்யம்பெருமாள். ஒரு டீச்சர். உலகம்மாள் சொன்ன பையன். அவர்கள் எல்லோருக்கும் மேலே, மற்ற எவரையும்விட அதிக முறை ரிசீவரை எடுத்த குரலாக, ஒரு பெயர் இருந்தது. ஹெப்சிபா.

சோதித்துப் பார்க்கத்தான் எடுக்கிறோம் என்றுதான் அவள் தனக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். கூடம் காலியான பிறகு, கிளம்பும் முன்னால், ஒரு நிமிடம். "என்ன ஹெப்சிபாம்மா, இன்னைக்கும் இட்லிதானா?" என்று அமிர்தம் கேட்பாள். அந்த ஒரு கேள்விக்காகத்தான். ஞாபகத்தை அழித்த நாளுக்குப் பிறகு அவள் ரிசீவரைத் தொடவே இல்லை. ஏன் என்று யோசித்ததும் இல்லை.

மறுநாள் முற்பகல் அய்யம்பெருமாள் வந்தார். வெள்ளை வேட்டி, அரைக்கைச் சட்டை, நெற்றியில் திருநீறு. வலது காலைக் கொஞ்சம் இழுத்து இழுத்து நடந்தார். ஹெப்சிபா தந்தி மேசையைத் துடைப்பதுபோல் நின்றுகொண்டாள். தொலைபேசியில் பேசுகிறவர்களுக்கே உரிய உரத்த குரல் அவருக்கு. அவர் பக்கத்துப் பேச்சு முழுவதும் அவளுக்குக் கேட்டது.

"யம்மா, நாந்தான்... அய்யம்பெருமாளு... இல்லல்லா, மொதத் தடவ இல்ல. நேத்துக்கூட வந்தேனே." ரிசீவரைக் காதிலிருந்து எடுத்து ஒரு முறை பார்த்தார். மறுபடி வைத்துக்கொண்டார். "செரி, செரி. மொதத் தடவன்னே வச்சுக்கிடுங்க. எம்பேரு அய்யம்பெருமாளு. சுத்தமல்லில தண்ணி டேங்க் ஆபரேட்டரா இருந்தேன். நீங்களும் ஆபரேட்டர், நானும் ஆபரேட்டர், அப்படின்னு ஒரு நாளு நீங்கதான் சொல்லிச் சிரிச்சிய. இப்ப நான் சொல்லுதேன், நீங்க சிரிங்க."

அமிர்தம் சிரித்திருக்க வேண்டும். அவர் முகம் சற்றுத் தெளிந்தது. பிறகு மடியிலிருந்து ஒரு சோடி ஜால்ராவை எடுத்தார். பஜனையில் தட்டுகிற சின்ன வெண்கல ஜால்ரா. ரிசீவருக்குப் பக்கத்தில் வைத்து மெதுவாகத் தட்டினார்.

"இது ஞாபகம் வருதா பாருங்க. மார்கழில கொண்டாந்து தட்டிக் காமிச்சேன். நீங்ககூடத் தாளம் சொன்னிய... வரலையா? பரவால்ல. யோசிக்காதிய, யோசிச்சா இன்னும் கலங்கும். நாளைக்குப் பாப்போம்."

அவர் போன பிறகு உலகம்மாள் அருகில் வந்தாள். "வாரத்துக்கு ஒரு தடவை வந்த மனுசன் இப்ப தெனமும் வாராக. இந்த வெயில்ல ரெண்டு பஸ் மாறி. வராதிய அண்ணாச்சின்னு சொன்னேன். கேக்கணுமே. அவுக சம்சாரத்துக்கும் கடைசி ஆறு வருசம் இதே சீக்குதானாம். தன் வீட்டுக்காரரையே யாருன்னு தெரியாதாம். விடாமப் பேசிக்கிட்டே இருந்தா கொஞ்சம் தேவலையாகும்னு டாக்டரு சொன்னாராம். அதான் இந்தம்மாவையும் குணமாக்குதேன்னு நிக்காக."

 ஹெப்சிபா துணியை மேசையிலேயே விட்டுவிட்டு நேராகக் காஜா மைதீனிடம் போனாள். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள், தன் விதி உட்பட.

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "அந்த மனுசனுடைய பேச்சு மட்டுமாவது திரும்பக் கிடைக்குமா?"

"அழிச்சாச்சு சார். இல்லை."

"இனிமே வச்சுக்கிடலாமே. அவருக்கு மட்டும்."

"ஞாபகம் மொத்தமாத்தான் வாடகைக்கு வரும். ஒருத்தருக்குன்னு வாங்க முடியாது. வாங்கணும்னா ராக்கெட் ரூமை நிறுத்தணும்."

கீழே வேன் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. பிறகு படியெங்கும் சின்னக் கால்களின் ஓட்டம். பேச்சுச் சத்தம் இல்லாமல், காலடிகள் மட்டும். அந்தப் பள்ளிப் பிள்ளைகள்தான். 

"நிறுத்தலாம்னு நீ சொன்னா நான் எழுதிக் குடுக்கேன்," என்றார் காஜா மைதீன். "சத்தியமாச் சொல்லுதேன். ஆனா நீயே போய் அந்தப் பிள்ளைககிட்டச் சொல்லணும்."

அவள் தலையை ஆட்டினாள். "முடியாது சார்."

"என்னாலயும் முடியாது. அப்ப அவர்கிட்டத்தான் சொல்லணும். இது சீக்கு இல்லை, நாங்க செஞ்சதுன்னு."

"என்ன நினைப்பார்?"

"திட்டுவார். வாங்கிக்கிடுவோம். தப்பு செஞ்சவனுக்குத் திட்டு வாங்குறது பாதி மருந்து." பிறகு மெதுவாகச் சொன்னார். "பொய்யான நோய்க்கு ஒரு மனுசன் வெயில்ல வந்து வைத்தியம் பாக்கான்மா. அது தொடரக்கூடாது. அல்லா பாத்துக்கிட்டு இருக்கான்."

சொல்ல வேண்டும் என்பதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை. அந்த முகத்தைப் பார்த்துச் சொல்லத்தான் பயமாக இருந்தது. மனிதர்களுக்கு எதிரே நின்று பேசுவது அவளுக்கு எப்போதுமே வந்ததில்லை. அவள் சொல்ல விரும்பியதை எல்லாம் அதுவரை சுவர்களும் விளக்குகளும் பொத்தான்களும்தான் சொல்லியிருந்தன. பொருட்கிடங்கில் இன்னொரு கறுப்பு ரிசீவர் கிடந்தது. அதை எடுத்துத் தூசி தட்டினாள். கூடத்தின் மறுகோடியில், தூணுக்குப் பின்னால், சுவரில் மாட்டினாள். கம்பியை இழுத்துப் பலகையோடு இணைத்தாள். இரண்டு ரிசீவர்களுக்கு நடுவே பேச்சு போய்வரக் கணினியே தேவையில்லை. ஒரு செப்புக் கம்பி போதும்.

அடுத்த நாள் அவர் வந்து நாற்காலியில் உட்கார்ந்து பேசத் தொடங்கியதும், ஹெப்சிபா தூணுக்குப் பின்னால் நின்று கண்களை மூடினாள். ஆண்டவரே, என் வாயில் நல்ல வார்த்தையைக் கொடும் என்று சொல்லிக்கொண்டு ரிசீவரை எடுத்தாள்.

"வணக்கம், பாளையங்கோட்டை எக்ஸ்சேஞ்ச். அமிர்தம் பேசுதேன். மொதத் தடவையா வாரிய?"

தன்னை அடையாளம் தெரியாது என்று அறிந்துதான் எடுத்திருந்தாள். இருந்தும் ரிசீவரைக் காதோடு இறுக்கிக்கொண்டாள்.

"ஆமா," என்றாள்.

"யாருக்குப் பேசணும்?"

"இன்னொரு லைன்ல ஒருத்தர் இருக்கார். அவருக்கு."

"இருங்க, போட்டுத் தாரேன்."

டக் என்று ஒரு சத்தம். அதன்பின் ஒரு மனிதன் மூச்சு விடுவது கேட்டது.

"அலோ? யாரது? அமிர்தத்தம்மா எங்க?"

"அவங்கதான் இணைச்சுக் குடுத்தாங்க. நான் இங்க வேலை பார்க்கிறேன். இந்த மியூசியத்தை அமைச்சவ."

"அப்படியா! நல்லாத்தான் அமைச்சிருக்கிய. கீழ பாத்ரூம்ல ஒரு பைப்பு ஒழுகுது, பாத்தியளா? வாசர் போயிட்டு. புது வாசர் போட்டா நின்னுரும்."

"போடச் சொல்றேன்." அவள் சிரித்திருக்கலாம், வேறு ஒரு நாளாக இருந்தால். "அய்யா, நான் ஒண்ணு சொல்லணும். அமிர்தத்துக்கு மறதி நோய் வரல. எங்களுக்கு வர்ற ஒதுக்கீட்டைக் குறைச்சிட்டாங்க. ராக்கெட் ரூமையும் இதையும் சேர்த்து நடத்த முடியல. அதனால அவங்களோட ஞாபகத்தை நான்தான் எடுத்துட்டேன். நீங்க அவங்ககிட்டப் பேசினதெல்லாம் போயிடுச்சு. எவ்வளவு பேசினாலும் இனிமே திரும்ப வராது. உங்களை மாதிரி யாராவது வருவாங்கன்னு எனக்குத் தெரியல. தெரிஞ்சிருக்கணும். மன்னிச்சிடுங்க."

 தூணுக்கு அந்தப் பக்கம் நாற்காலி லேசாகக் கிரீச்சிட்டது.

"எடுக்கும்போது வலிச்சிருக்குமா?" என்று கேட்டார்.

"அதுக்கு வலியே கிடையாது அய்யா."

"பயப்படாதா? எஞ்சம்சாரம் பொன்னுத்தாயி பயப்படுவா. விளக்கு வைக்கிற நேரமானா, இது யாரு வீடு, என்னை எங்க கொண்டாந்து வச்சிருக்கியன்னு கேட்டு அழுவா. நான் யாருன்னு தெனமும் ஒரு புதுப் பேரு சொல்லுவேன். ஒரு நாளு தாசில்தாரும்பேன். ஒரு நாளு பொண்ணு பாக்க வந்த மாப்பிள்ளைம்பேன். மாப்பிள்ளைன்னா மட்டும் அழுகைய நிறுத்திட்டு மேலயும் கீழயும் பாப்பா. பாத்துட்டு, வேண்டாம்னுருவா." மெல்லச் சிரித்தார். "இந்தம்மாவுக்கு அந்தப் பயம் கெடையாதுங்கிய?"

"கிடையாது. மறந்ததுகூட அவங்களுக்குத் தெரியாது. ஒவ்வொரு தடவையும் புதுசா, சந்தோசமாத்தான் பேசுவாங்க."

ரிசீவர் வழியாக ஒரு நீண்ட பெருமூச்சு வந்தது.

"முருகா! அப்பாடா."

அவள் எதற்கெல்லாமோ தயாராக வந்திருந்தாள். இதற்குத் தயாராக இல்லை.

"உங்களுக்குக் கோவம் வரலையா?"

"எதுக்குக் கோவம்? நோவு இல்லைன்னு சொல்லுதிய, சந்தோசப்படாம கோவப்படுவாகளா? எனக்கு எத்தனை நாளாச் சோறு எறங்கல தெரியுமா? பேச ஆளில்லாமக் கெடந்து கெடந்துதான் இந்தம்மாவுக்கு இப்படி ஆயிட்டோன்னு பயந்து போனேன். எல்லாப் பிள்ளையளும் அந்த அதிருத ரூமுக்குல்லா ஓடுதுவ. இந்தப் பக்கம் ஈ காக்கா வாரதில்ல. முத முதல்ல வந்தன்னைக்கே எனக்கு மனசு கேக்கல. ஒரு பொம்பளைக் குரலு, மூலையில தனியாக் கெடந்து, யாருக்குப் பேசணும் யாருக்குப் பேசணும்னு கேட்டுக்கிட்டே இருக்கு. நாமளாவது வருவோம்னுதான் வந்தேன்."

"நீங்க... அவங்களுக்காகவா வந்தீங்க?"

"பின்னே? எனக்கென்ன கொறச்சல்? கோயில் இருக்கு, பஜனை இருக்கு, டீக்கடையில நாலு பேரு இருக்கான். என்னை மறந்தவன் ஊருல ஒருத்தன் கெடையாது. தண்ணி விடாத நாளையெல்லாம் ஞாபகம் வச்சு இன்னைக்கும் திட்டுதானுவ."

ஹெப்சிபா தூணில் தலையைச் சாய்த்தாள். குளிர்ச்சியாக இருந்தது. இரண்டு நாளாக அவள் இரக்கப்பட்டுக்கொண்டிருந்த மனிதர், ஒரு கம்பிக்கும் குரலுக்கும் இரக்கப்பட்டு இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார்.

"அப்பொ செரி," என்றார் அய்யம்பெருமாள். இறங்க வேண்டிய நிறுத்தம் வந்துவிட்டவரைப்போல அவர் குரல் இலேசாகியிருந்தது. "இனிமே நான் வரண்டாம்லா? முட்டும் ஒத்துழைக்க மாட்டேங்கு. நல்லது சொன்னிய. மகராசியா இருங்க. வச்சுரட்டா?"

வைக்கச் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கம்பியை இழுத்தாள். ராக்கெட் அறை ஓடும், பிள்ளைகள் வருவார்கள், அமிர்தம் பேசிக்கொண்டிருப்பாள், இந்த மனிதர் வெயிலில் அலைய வேண்டியதில்லை. ஒதுக்கீட்டுக்குள் எல்லாம் அடங்கிவிட்டது. இதைவிடச் சரியாக ஒரு காட்சியகத்தை யாரும் அமைத்துவிட முடியாது.

"வைக்காதீங்க," என்றாள்.

"ம்?"

"வாங்க. தினமும் வேண்டாம். முன்ன மாதிரி வாரத்துக்கு ஒரு தடவை. வெயில் தாழ்ந்த பிறகு."

"எதுக்கு? அதுக்குத்தான் நோவு இல்லைங்கியளே."

 கூடம் காலியாக இருந்தது. ராக்கெட் அறையிலிருந்து தரை அதிர்கிற அதிர்வு மட்டும் சுவர் வழியாக, தூண் வழியாக, அவள் நெற்றிக்கு வந்தது.

"சாயங்காலம் ஆனா, நீங்க வச்சிருக்கிற ரிசீவரை நானும் எடுப்பேன்," என்றாள். "எல்லாரையும்விட அதிகமா எடுத்தது நான்தான். அமிர்தம் என்னையும் மறந்துட்டாங்க."

 நாற்காலி மறுபடி கிரீச்சிட்டது. எழுந்துவிட்டார் என்று நினைத்தாள். எழவில்லை. நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்த சத்தம் அது.

"ஊரு எது?"

"மெட்ராஸ்."

"இங்க யாரு இருக்கா?"

"யாரும் இல்லை."

"சாப்பாடு?"

"கடையிலதான். இட்லி."

"தெனமுமா? அட கடவுளே." பிறகு, "பேரு என்னன்னிய?" என்றார்.

"இன்னும் சொல்லல. ஹெப்சிபா."

"எப்சிபா."

"ஹெப்சிபா."

"பல்லுல மாட்டுது. இன்னொரு தடவ சொல்லுங்க."

சொன்னாள். அவர் தனக்குள் அதைச் சொல்லிப் பார்ப்பது ரிசீவரில் கேட்டது. முதலில் தப்பாக. பிறகு அதைவிடத் தப்பாக. அப்புறம், ஒவ்வொரு எழுத்தாகக் கை வைத்துத் தடவிப் பார்ப்பதுபோல் மெதுவாகச் சொல்லி, சரியாக.

"செரி. அடுத்த தடவை வரும்போது நீங்க சொல்லாண்டாம்," என்றார். "நான் சொல்லுதேன்."